உடம்பு முடியாத செல்லப்பிராணியைப் பார்த்துக்கொள்வது: சிங்கப்பூருக்கான முழுமையான வழிகாட்டி

சாதாரண பெட் சிட்டிங் (வளர்ப்பவர் ஊரில் இல்லாதபோது அவருடைய பிராணியைப் பார்த்துக்கொள்ளும் வேலை) என்றால் சாப்பாடு வைத்து, பூனை மண்ணை மாற்றி, கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு வந்துவிடலாம். சிறுநீரகம் கெட்டுப்போன பூனை, இதயம் பலவீனமான கிழட்டு நாய், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் பிராணி என்றால் வேலையே வேறு. வளர்ப்பவர் விரும்பி ஊருக்குப் போவதும் குறைவு. ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை என்று ராத்திரி போன் வரும், காலையில் சாங்கி விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரைப் பழக்கியிருக்கிறேன். ஊசி போடத் தெரியாமல் தடுமாறியவர்கள் குறைவு. நடுராத்திரி கிளினிக்கில் டாக்டர் "என்ன செய்யலாம்?" என்று கேட்கும்போது, பதில் சொல்லும் உரிமை யாருக்கு என்றே தெரியாமல் நின்றவர்கள்தான் அதிகம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முடிவுகளை முதலில் பேசி முடியுங்கள், மருந்துப் பயிற்சி அதற்குப் பிறகு.

1. ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டியவை

நோய் என்ன, டாக்டர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேளுங்கள். அப்புறம், கடந்த ஒரு வாரத்தில் என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியில்தான் உண்மை வரும். "நல்லாத்தான் இருக்கா" என்பவர், தோண்டிக் கேட்டால், "சாப்பாடு பாதிதான், சோபாவில் ஏறுவதில்லை" என்பார். ஒரு வாரத்திலேயே இவ்வளவு இறங்கியிருந்தால், அவர் திரும்பி வரும்வரை பிராணி இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதைச் சொல்லிவிட வேண்டும். புதியவர்கள் அபசகுனம் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். "அக்கா, நீங்க திரும்பி வர்றதுக்குள்ள போயிடலாம். அப்படி நடந்தா என்ன செய்யணும்னு இப்பவே பேசிக்கலாமா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சிலர் பயணத்தைச் சுருக்குவார்கள், சிலர் குடும்பத்தில் ஒருவரை இங்கேயே விட்டுப் போவார்கள். எது தெரிந்து எடுக்க வேண்டிய முடிவோ அது தெரிந்தே எடுக்கப்படும்.

அடுத்தது நேரம். வலிப்பு வரும் நாய், மூச்சு வாங்கும் பிராணி, எழுந்து நிற்க முடியாதது: இவற்றுக்குத் தினம் இரண்டு முறை போய்ப் பார்ப்பது போதாது, ராத்திரியும் தங்க வேண்டும். பகலில் அலுவலகம் போகிறவர் என்றால் மறுத்துவிடுவதே அந்தப் பிராணிக்குச் செய்யும் உதவி.

இடம், கூடுமானவரை அதன் சொந்த வீடு. புது இடத்தில் நோயாளிப் பூனை கட்டிலுக்கடியில் போய்ப் பட்டினி கிடக்கும். தவிர, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய், இரண்டு பூனை என்ற வரம்பு இருக்கிறது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அங்கே கொண்டுவருவது சிக்கல். இன்னொன்று: உங்கள் வீட்டுப் பணிப்பெண்ணை அந்த வீட்டுக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். அவருக்கு அனுமதி கிடைத்த முகவரி அதுவல்ல. அப்படி அனுப்புவது சட்டப்படி குற்றம்.

2. யார் முடிவெடுப்பது என்பதை எழுதி வாங்குவது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

சென்னைக்கோ திருச்சிக்கோ விமானத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க வளர்ப்பவரோடு பேச முடியாது. இறங்கிய பிறகும் இந்திய சிம், கிராமத்து சிக்னல், சாவு வீடு என்று போனை எடுக்க முடியாத மணி நேரங்கள் நிறைய. அந்த இடைவெளியில் நெருக்கடி வந்தால் முடிவெடுக்க சிங்கப்பூரிலேயே இரண்டாவதாக ஒருவர் வேண்டும். தங்கை, நண்பர், பக்கத்து வீட்டு ஆன்ட்டி, யாராக இருந்தாலும் சரி. அவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். யாரும் இல்லை, நீங்களேதான் என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: வளர்ப்பவர் பெயர், பிராணியின் மைக்ரோசிப் எண், நோயின் பெயர், உங்கள் பெயர், சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவிக்க உங்களுக்கு அனுமதி உண்டு என்ற வரி, எவ்வளவு வெள்ளி வரை செலவு செய்யலாம் என்ற வரம்பு, தேதி, கையெழுத்து. ஒரு பிரதி உங்களிடம், ஒன்று கிளினிக்கில், ஒன்று அந்த இரண்டாவது நபரிடம்.

இதோடு முடிந்தது என்று நினைப்பதுதான் பரவலான தவறு. எது வரை சிகிச்சை, எங்கே நிறுத்துவது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். "எது நல்லதோ அதைச் செய்யுங்க" என்பது அன்பான வார்த்தைதான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"மூச்சுத் திணறினால் உடனே கிளினிக். ஆக்ஸிஜன், ரத்தப் பரிசோதனை, வலி மருந்து எல்லாம் சரி. ஆபரேஷன் வேண்டாம். இதயம் நின்றுவிட்டால் திரும்ப ஓட வைக்க முயல வேண்டாம். இனி வேதனை மட்டும்தான் என்று டாக்டர் சொன்னால் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்."

கடைசி வரியை எழுதக் கை வராது. வற்புறுத்தாதீர்கள், நேரம் கொடுங்கள். ஆனால் எழுதாமல் விமானம் ஏறவும் விடாதீர்கள். அந்த வரி இல்லாவிட்டால் வளர்ப்பவர் வந்து சேரட்டும் என்று ஒரு உயிரை மூச்சு முட்ட வைத்துக் காத்திருக்க வேண்டிவரும். நாம் தவிர்க்க நினைப்பது அதைத்தான்.

வீடியோ காலில் முகம் பார்க்க வேண்டுமா, பிராணி போய்விட்டால் உடனே சொல்லட்டுமா, ஊரில் காரியம் முடிந்த பிறகு சொல்லட்டுமா, வீட்டுக் குழந்தைகளிடம் யார் சொல்வது என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. கிளினிக், பணம், வண்டி

வழக்கமான கிளினிக்குக்கு வளர்ப்பவரே போன் செய்து உங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் செய்தால் "ஓனர் பேசட்டும்" என்பார்கள். அப்படியே மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கேட்டு போனில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி போகப்போவது வேறு கிளினிக், அங்கே இந்தப் பிராணியைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

24 மணி நேர மருத்துவமனைகள் சிங்கப்பூரில் சில இருக்கின்றன. வீட்டிலிருந்து பக்கத்தில் இருக்கும் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் போன் செய்துவிட்டுப் போனால் ஆக்ஸிஜனைத் தயாராக வைப்பார்கள். உள்ளே சேர்க்க முன்பணம் கேட்பார்கள், அது சின்னத் தொகையாக இருக்காது. வளர்ப்பவர் முன்கூட்டியே பேநவ் வழியாக உங்களிடம் தனியாக ஒரு தொகை விட்டுப் போகட்டும். அவசரத்தில் சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டு, துக்கத்தில் இருப்பவரிடம் கணக்குக் கேட்கும் நிலை வேண்டாம்.

எம்ஆர்டியிலும் பேருந்திலும் செல்லப்பிராணிகளை ஏற்ற மாட்டார்கள். கிராப்பில் பிராணிகளுக்கான தனித் தெரிவும், பெட் டாக்சிகளும் உண்டு. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி கிடைக்க நேரமாகும். கார் வைத்திருக்கும் ஒருவரின் எண்ணையாவது வாங்கி வையுங்கள். பெரிய நாய் என்றால் தூக்க இரண்டு பேர் வேண்டும்: கெட்டியான போர்வையில் படுக்க வைத்து நாலு முனையையும் பிடித்தால் அதுவே ஸ்ட்ரெச்சர். சில பழைய புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, அதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கொண்டோ என்றால் காவலர் சாவடியில் உங்கள் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

4. வளர்ப்பவர் இருக்கும்போதே ஒத்திகை

சாவி வாங்கும்போது காட்டிக்கொடுப்பது ஒத்திகை ஆகாது. ஒரு வேளை மருந்து, ஒரு வேளை சாப்பாடு, முழுவதையும் நீங்கள் செய்ய வேண்டும். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். இன்னொரு நாள், அவர் அந்த அறையிலேயே இல்லாமல் செய்து பாருங்கள். வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் மாத்திரையை விழுங்கும் பூனை, அவர் இல்லாவிட்டால் உங்கள் கையைக் கீறிவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய்விடும். அது முன்பே தெரிந்தால் டாக்டரிடம் கேட்டு மருந்தை வேறு வடிவத்தில் வாங்கலாம்.

வளர்ப்பவர் மருந்து கொடுப்பதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கையால் தாடையைப் பிடிக்கிறார், என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் எழுதிக்கொடுக்க வராது.

5. மருந்து

மருந்து அட்டவணை முழுக்க சிங்கப்பூர் நேரத்தில் இருக்கட்டும். இந்தியா இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஊரில் இருந்துகொண்டு "எட்டு மணி மருந்து கொடுத்தாச்சா?" என்று கேட்டால் எந்த எட்டு என்ற குழப்பம் நிச்சயம் வரும். ஒவ்வொரு மருந்துக்கும் பெயர், அளவு, எதற்காக, வெறும் வயிற்றிலா சாப்பாட்டோடா, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்று எழுதி, கொடுத்தவுடன் டிக் செய்யுங்கள். அடுத்த வேளைக்கு வரும்போது போன வேளை கொடுத்தோமா என்ற சந்தேகம் எல்லாருக்கும் வரும். அப்போது மனசை நம்பாமல் டிக்கைப் பாருங்கள்.

இன்சுலின். இதில் நடக்கும் தவறு உயிரை எடுத்துவிடும். பிராணிகளுக்கான இன்சுலின் சில யு-40 (ஒரு மில்லியில் 40 யூனிட்), மனிதர்களுக்கானவை பெரும்பாலும் யு-100 (ஒரு மில்லியில் 100 யூனிட்). சிரிஞ்சும் அதே எண்ணில் இருக்க வேண்டும். யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் எடுத்தால் கோடு அதேதான், உள்ளே போவது இரண்டரை மடங்கு. மருந்துப் புட்டியையும் சிரிஞ்சு உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் பாருங்கள். பிறகு வெளிச்சத்தில் கண் மட்டத்துக்குத் தூக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். பிராணி சாப்பிடவில்லை என்றால் இன்சுலின் போடும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். வழக்கமான அளவைப் போட்டுவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். தள்ளாடினாலோ நடுங்கினாலோ தேனையோ குளுக்கோஸையோ ஈறில் தடவிக்கொண்டே கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.

தோலுக்கடியில் டிரிப்ஸ், சிறுநீரக நோயுள்ள பூனைகளுக்கு. பையை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள், குளிர்ந்த திரவம் ஏறினால் பூனை ஓடப் பார்க்கும். மைக்ரோவேவ் வேண்டாம், சூடு ஒரே சீராக இருக்காது. ஒவ்வொரு முறையும் புது ஊசி. தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, அதன் அடிவாரத்தில் குத்துங்கள். திரவம் உள்ளே போன பிறகு அந்த இடம் பொம்மென்று வீங்கி, மெல்ல முன்காலுக்கு இறங்கும். புதியவர்கள் பயந்துவிடுவார்கள், அது இயல்புதான். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது. இதய நோயும் சேர்ந்திருந்தால் அதிகப்படி நீர் நெஞ்சில் தேங்கும்.

மாத்திரை. விழுங்கிய பிறகு கொஞ்சம் ஈர உணவோ, சிரிஞ்சில் சில மில்லி தண்ணீரோ கொடுங்கள். பூனையின் தொண்டையில் சில மாத்திரைகள் ஒட்டி நின்று புண்ணாக்கிவிடும். கேட்காமல் பொடிக்காதீர்கள். வலிப்பு மருந்தையும் ஸ்டீராய்டையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, கைவசம் எவ்வளவு இருக்கிறது என்று முதல் நாளே எண்ணிப் பாருங்கள். கீமோ (புற்றுநோய் மருந்து) எடுக்கும் பிராணியின் மூத்திரம், மலம், வாந்தி எதையும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம். பெனடால் (பாராசிட்டமால்) பூனையைக் கொன்றுவிடும். கோடாலித் தைலம், யூகலிப்டஸ் எண்ணெய் எதையும் தடவாதீர்கள், நக்கினாலே விஷம். நெஞ்சு பலவீனமான பிராணி இருக்கும் வீட்டில் சாம்பிராணியும் ஊதுபத்தியும் இந்த நாட்களில் வேண்டாம்.

6. சாப்பாடு, தண்ணீர், மூச்சு, படுக்கை

அளந்து பழகுங்கள். சமையலறைத் தராசில் கிண்ணத்தோடு வைத்து ஒரு எடை, சாப்பிட்டு முடித்ததும் ஒரு எடை. "சாப்பிட்டுச்சு" என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது, "60 கிராம் வைத்தேன், 25 மிச்சம்" என்றால் புரியும்.

சாப்பிட மறுத்தால் லேசாகச் சூடு செய்யுங்கள், மணம் எழும்பும். கையில் வைத்து நீட்டிப் பாருங்கள். வாயைத் திறந்து சிரிஞ்சில் திணிக்காதீர்கள். பலவீனமான பிராணிக்கு அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிடும். பூனை ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும், பட்டினியால் அதன் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். இரக்கப்பட்டு நம் சாப்பாட்டைக் கொடுப்பவர்கள் கவனிக்க: வெங்காயமும் பூண்டும் போட்ட எதுவும் ஆகாது, பாயசத்து உலர்திராட்சை நாய்க்கு விஷம், உப்பு நெத்திலி சிறுநீரக நோயாளிக்கு ஆகாது. இறுதி நாட்களில் பிடித்ததைக் கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுக்கலாம். எது என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சு எண்ணுவது இந்த வேலையில் மிகவும் உபயோகமான பழக்கம். பிராணி தூங்கும்போது, போனில் முப்பது வினாடி டைமர் வைத்து, விலா எழுந்து இறங்குவதை ஒன்று என எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருப்பது இயல்பு. அதற்கு மேல் போனால் கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப எண்ணுங்கள், அப்போதும் அதிகம் என்றால் டாக்டருக்கு போன். தினம் ஒரே நேரத்தில் எண்ணி எழுதினால், இதய நோயாளியின் நிலைமை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இந்த எண்ணில் தெரியும்.

எழ முடியாத நாயை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் இடுப்பெலும்பு, முழங்கை படும் இடத்தில் புண் வரும். ஈரப் பேடில் கிடந்தாலும் தோல் வெந்துவிடும். உடனுக்குடன் துடைத்து உலர்த்துங்கள். பகலில் ஃபேன் ஓடட்டும், ஆனால் நேராக முகத்தில் அடிக்க வேண்டாம்.

7. தகவல் சொல்வது

ஒரு நாளைக்கு இரண்டு முறை, சொன்ன நேரத்தில் வாட்ஸப். சாப்பாடு எத்தனை கிராம், தண்ணீர், மூத்திரம், மலம், மருந்து, மூச்சு எண்ணிக்கை, ஒரு படம். சாவு வீட்டில் இருப்பவர் படிப்பார், நீளமாக எழுதாதீர்கள். நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்பாதீர்கள். வாலாட்டும் வீடியோ நாலு அனுப்பிவிட்டு ஐந்தாவது நாள் "ரொம்ப முடியல" என்றால் அவர் நொறுங்கிப்போவார். சரிவு இருந்தால் சரிவு என்று அன்றன்றே எழுதுங்கள்.

8. உடனே கிளம்ப வேண்டியவை

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை. வெளுத்த அல்லது நீலம் பாய்ந்த ஈறு. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு, அல்லது ஒன்றன் பின் ஒன்றாக வருவது. மண்பெட்டிக்குப் போய்ப் போய் வந்தும் மூத்திரம் வராத ஆண் பூனை. திடீரென்று பின்னங்கால் இழுத்துக்கொண்டு கத்துவது. வயிறு திடீரென்று உப்பி, வாந்தி எடுக்க முயன்று வராமல் தவிப்பது.

இவற்றில் ஒன்று வந்தால் வளர்ப்பவருக்கு போன் செய்து காத்திருக்காதீர்கள். வண்டியைக் கூப்பிடுங்கள், கிளினிக்குக்குச் சொல்லுங்கள், வண்டியில் உட்கார்ந்த பிறகு வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள். வலிப்பின்போது வாய்க்குள் கை வைக்காதீர்கள். விளக்கை அணைத்து, சுற்றியுள்ள பொருட்களை நகர்த்தி, நேரம் பாருங்கள்.

கிளினிக்கில் கடிதத்தை நீட்டுங்கள். டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "வலி இருக்கிறதா? இது சரியானால் எத்தனை நாள் நன்றாக இருக்கும்?" பதிலை அப்படியே வளர்ப்பவரிடமோ அந்த இரண்டாவது நபரிடமோ சொல்லுங்கள், மெருகேற்றாதீர்கள். தூங்க வைக்கும் ஊசி என்று முடிவானால் கூட இருங்கள். முதலில் மயக்கம், பிறகுதான் கடைசி ஊசி. கண் மூடாது. தலையில் கை வைத்து, வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

9. வீட்டிலேயே இறந்துவிட்டால்

கடைசி மணி நேரங்களில் கால் சில்லிடும், மூச்சு இடைவெளி விட்டு வரும். வேதனை இல்லாமல் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தால், வீட்டிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அலைக்கழிக்காமல் பக்கத்தில் இருங்கள். முனகல், தவிப்பு, மூச்சுக்குப் போராட்டம் என்றால் அது அமைதியான சாவு அல்ல, டாக்டர் வேண்டும். வீட்டுக்கே வரும் டாக்டர்கள் உண்டு. ஆனால் பலர் முன்பதிவில்தான் வருவார்கள், அதனால் சரிவு தொடங்கும்போதே கேட்டு வையுங்கள்.

இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போல அசையலாம், தசை துடிக்கலாம், மூத்திரம் போகலாம். உயிர் திரும்பிவிட்டதாகப் புதியவர்கள் துள்ளி எழுவார்கள். நெஞ்சில் கை வைத்து சில நிமிடம் பாருங்கள்.

பிறகு தாமதிக்காதீர்கள். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும். அதற்கு முன் கால்களை மடக்கி, தூங்குவது போலப் படுக்க வைத்து, அடியில் பேட் விரித்து, துண்டில் சுற்றுங்கள். சிங்கப்பூர் வெப்பத்தில் ஏர்கான் அறைதான் சரி. துண்டு சுற்றிய ஐஸ் பைகளை வயிற்றருகே வையுங்கள். வளர்ப்பவர் படம் வேண்டும் என்று சொல்லியிருந்தால் இப்போது எடுங்கள், வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள்.

பூங்காவிலோ புளோக்குக்குக் கீழேயோ புதைக்க முடியாது. தனியார் தகனச் சேவைகள் வீட்டுக்கே வந்து எடுத்துப் போவார்கள். தனியாக எரித்து அஸ்தியைத் தருவது ஒரு வகை, கூட்டாக எரிப்பது இன்னொன்று. கூட்டாக எரித்தால் அஸ்தி கிடைக்காது, பிறகு கேட்டும் பயனில்லை. அதனால் எது வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கியிருக்க வேண்டும். கழுத்துப் பட்டையைக் கழற்றி எடுத்து வையுங்கள், கொஞ்சம் முடியும் வெட்டி வைக்கச் சொன்னார்களா பாருங்கள். வளர்ப்பவர் ஓரிரு நாளில் வருகிறார் என்றால், அதுவரை உடலைக் குளிரில் வைக்க முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள்.

10. அதற்குப் பிறகு உள்ள வேலைகள்

பிராணி வளர்க்க எடுத்த உரிமத்தை ரத்து செய்வது வளர்ப்பவர் வேலை. தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் ஏவிஎஸ்ஸின் (விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவின்) இணையத் தளத்தில், உரிமம் எடுத்தவர் கணக்கிலிருந்து செய்ய வேண்டும். நாய்க்கு உரிமம் வேண்டும் என்பது முன்பிருந்தே இருக்கும் விதி. 2024 செப்டம்பர் 1-இல் பூனைகளுக்கான புதிய ஏற்பாடு வந்த பிறகு பூனைக்கும் உரிமம் உண்டு. நினைவூட்ட மட்டும் செய்யுங்கள், அதுவும் சில நாள் கழித்து.

வீட்டில் இன்னொரு பிராணி இருந்தால் உங்கள் பொறுப்பு முடியவில்லை. துணை போன பூனை சாப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் சாப்பாட்டையும் இனி எடை போடுங்கள்.

மிச்ச மருந்தை வேறு யாருடைய பிராணிக்கும் கொடுக்காதீர்கள், வளர்ப்பவரிடம் ஒப்படையுங்கள். ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் மூடி கிளினிக்கில் கொடுங்கள், வீட்டுக் குப்பையில் போட்டால் துப்புரவுப் பணியாளர் கையில் குத்தும். படுக்கையையும் கிண்ணத்தையும் வளர்ப்பவரைக் கேட்காமல் கழுவி எடுத்து வைக்காதீர்கள். அதன் வாசனை இருக்கும் போர்வையைத் தேடுகிறவர்கள் நிறைய.

நோய் தொற்றக்கூடியதாக இருந்தால், அடுத்த வீட்டுக்குப் போகும் முன் உங்கள் உடை, செருப்பு, பையைக் கழுவிக் காயப்போடுங்கள். எந்தக் கிருமிநாசினி, எத்தனை நாள் இடைவெளி என்று அதே டாக்டரிடம் கேட்டுக்கொண்ட பிறகு அடுத்த வேலையை ஒப்புக்கொள்ளுங்கள்.